கற்பனை எண் கற்பனையா? – பொறியியற் கணிதத்தில் பெயரும் பொருளும்

தெப்ராவ் என்பது மலாய்மொழியில் ஒரு புல்லின் பெயருமாகும். நாணலை ஒத்து, ஆளுயரத்திற்கும் மேலே வளரும் புல் அது. அப்பெயரே இங்கு ஓர் ஆற்றுக்கும், இவ்வூருக்கும், ஜொகூரையும் சிங்கப்பூரையும் பிரிக்கும் நீரிணைக்கும் வழங்குகிறது. இன்று தெப்ராவ் என்று கேட்டவுடன் நெடுஞ்சாலையும் தொழிற்பேட்டையும் பேரங்காடிகளும் நினைவுக்கு வருமேயன்றிப் புல்லைத் தேடிப் போவார் எவருமிலர். பெயர் நிற்கிறது, பெயருக்குரிய காரணம் மறைந்துவிட்டது. அதனால் இவ்வூரார்க்கு எவ்வகைத் தொல்லையும் இல்லை.

நம் இலக்கண நூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் இருவகைப்படுத்துவர். காரணப்பெயர் நாளடைவில் இடுகுறிபோல் ஆகிவிடுவது மொழியின் இயல்பு. கணிதத்தில் வழங்கும் ‘கற்பனை எண்’ என்னும் பெயரோ இதற்கு நேர்மாறான தொல்லையைத் தருகிறது. அது இடுகுறியாக நின்றிருந்தால் கேடில்லை. கேட்பவர் அனைவரும் அதனைக் காரணப்பெயர் என்றே கொள்கின்றனர். அந்தக் காரணமோ தொடக்கத்திலேயே பிழையானது.

இப்பொழிவுக்குத் தூண்டுதலாக இருந்தவர் மின்பொறியியல் பயிலும் ஓர் இளைஞர். தமிழ்ப்பள்ளியில் கணக்கில் முதல்வராக விளங்கியவர். உயர்கல்வி நிலையத்தில் பொறியியற் கணிதத் தாளில் இருமுறை தவறினார். மூன்றாம் முறை எழுதுமுன் நம்மிடம் வந்து, “ஐயா, இல்லாத ஒன்றை இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடச் சொல்கிறார்கள், போட்டால் விடை சரியாகத்தான் வருகிறது, ஆனால் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை” என்றார். நாம் கணித ஆசிரியர் அல்லர். மொழியியல் கற்று, மொழியியலே கற்பித்து ஓய்வுபெற்றவர். ஆயினும் அவருடைய இடர்ப்பாட்டில் பாதி கணிதத்தைச் சேர்ந்ததன்று, சொல்லைச் சேர்ந்தது என்பது அன்றே நமக்குப் புலப்பட்டது. தொடக்கப்பள்ளியில் தமிழ், இடைநிலையில் மலாய், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் என மூன்று மொழிகளைக் கடந்து ஒரே கருத்தைப் பற்றிக்கொண்டு வரும் மாணவர்க்குச் சொல்லே கைப்பிடி. அது வழுக்கினால் கருத்தும் வழுக்கும். மலாய்மொழியிலும் இவ்வெண்ணுக்கு ‘கயாலன்’, அதாவது கற்பனை சார்ந்தது என்றே பெயர். ஆக, மூன்று படிகளில் எதில் ஏறி நின்றாலும் அவர்க்குக் கிடைத்தது ஒரே தவறான குறிப்பு.

பெயரின் வரலாற்றைச் சிறிது காண்போம். இத்தாலியரான கார்தானோ 1545இல் வெளியிட்ட நூலில், பத்தை இரு கூறாக்கி அவற்றின் பெருக்கம் நாற்பது ஆகுமாறு செய்க என்றொரு கணக்கை எடுத்துக்கொண்டு, குறை எண்ணின் வர்க்கமூலத்தைக் கொண்டு விடை எழுதினார். அது பயனற்ற நுட்பம் என்பதே அவர் எண்ணம். 1572இல் பொம்பெல்லி அதன் பயனைக் காட்டினார். ஓர் எண்ணின் கனம், அவ்வெண்ணின் பதினைந்து மடங்கோடு நான்கைக் கூட்டியதற்குச் சமம், எண் யாது? நான்கு என்று எவரும் சரிபார்க்கலாம்: 64 என்பது 60உடன் 4. ஆனால் முப்படிச் சமன்பாட்டுக்குரிய வாய்பாட்டில் இட்டால், வழியில் −121இன் வர்க்கமூலம் குறுக்கிடுகிறது. அஞ்சாமல் அதனோடு கணக்கிட்டுச் சென்றால் இறுதியில் அப்பகுதிகள் ஒன்றையொன்று அழித்து நான்கு என்னும் விடை வந்து நிற்கிறது. புறப்பட்ட இடமும் மெய், சேர்ந்த இடமும் மெய், இடையில் மட்டும் அறியாத நிலம். அந்நிலத்தை 1637இல் டேக்கார்ட் ‘கற்பனை’ என்றார். அது பாராட்டாகச் சொன்ன சொல் அன்று.

காஸ் என்னும் செருமானியக் கணிதர் 1831இல் எழுதிய ஒரு குறிப்பு மொழியியலார் அனைவரும் அறியத்தக்கது. ஒன்று, குறை ஒன்று, குறை ஒன்றின் வர்க்கமூலம் ஆகிய மூன்றுக்கும் நேர் அலகு, எதிர் அலகு, பக்க அலகு எனப் பெயரிட்டிருந்தால் இவ்வளவு இருளும் சூழ்ந்திராது என்பது அவர் கருத்து. கணித வரலாற்றின் மாபெரும் அறிஞர் ஒருவர், பழி எண்ணின் மேலதன்று, பெயரின் மேலது என்று தீர்ப்பளித்தார். நாம் அத்தீர்ப்பை ஏற்கிறோம்.

‘பக்க அலகு’ என்பதை எண்ணிப் பாருங்கள். நீங்கள் கிழக்கு நோக்கி நிற்கிறீர்கள். குறை ஒன்றால் பெருக்குவது என்பது முழுதாகத் திரும்பி மேற்கு நோக்கி நிற்பது. இருமுறை அவ்வாறு திரும்பினால் பழையபடி கிழக்கு. குறையும் குறையும் பெருகி நிறையாவதன் பொருள் இதுவே. இனி, இருமுறை செய்தால் மேற்கு நோக்கச் செய்யும் செயல் எது? கால் சுற்று இடப்பக்கம் திரும்புவது. முதல் முறையில் வடக்கு, இரண்டாம் முறையில் மேற்கு. குறை ஒன்றின் வர்க்கமூலம் என்று அஞ்சி அழைத்தது இந்தக் கால் சுற்றையே. கிழக்கு மேற்காக ஓடும் ஒரே கோட்டில் நின்று வடக்கைத் தேடியவர்க்கு அது ‘இல்லாத எண்’ ஆயிற்று. தளத்தில் நின்று நோக்குவார்க்கு வடக்கு, கிழக்கைப் போலவே உள்ளது. இதனை ஐ என்னும் ஆங்கில எழுத்தால் குறிப்பர். மின்பொறியாளர்க்கு அவ்வெழுத்து மின்னோட்டத்தைச் சுட்டுவதாகிவிட்டபடியால் அவர்கள் ஜே என்று எழுதுவர். குறியீட்டிலும் ஒருபொருட் பன்மொழி!

நம் வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு ஐம்பது முறை இவ்வாறு சுற்றி வருவதாகக் கொள்ளலாம். (இலங்கை நூல்களில் இதற்கு ஆடலோட்டம் என்று பெயர், சொல்லழகில் அதுவே நமக்கு உவப்பானது.) மின்தடையில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒருசேரச் செல்லும். மின்தூண்டியில் மின்னோட்டம் கால் சுற்றுப் பின்தங்கும். மின்தேக்கியில் கால் சுற்று முந்தும். அந்தக் கால் சுற்றைத்தான் ஜே குறிக்கிறது. 1893இல் சிகாகோவில் நடைபெற்ற மின்துறை மாநாட்டில் ஸ்டைன்மெட்ஸ் இம்முறையை முன்வைத்தபின், நுண்கணிதச் சமன்பாடுகளாக நின்ற மின்சுற்றுக் கணக்குகள் கூட்டலும் பெருக்கலுமாக எளிமையுற்றன. தொழிற்சாலைகளில் பெரிய மின்னோடிகள் ஓடும்போது, வேலையாக மாறாமல் கம்பியில் போவதும் வருவதுமாக ஊசலாடும் ஒரு பகுதித் திறன் உண்டு. திறனைக் கலப்பெண்ணாக எழுதினால் அது அதன் ‘கற்பனைப் பகுதி’. அப்பகுதி மிகுந்து திறன் காரணி விதித்த அளவுக்குக் கீழே போனால் மின்கட்டணத்தில் கூடுதல் தொகை ஏறும். நம் இளைஞர்க்கு நாம் முதலில் சொன்னதும் இதுவே: கற்பனைப் பகுதிக்குக் கட்டும் வெள்ளி கற்பனை வெள்ளி அன்று, தம்பி. அவர் சிரித்தார். அன்று அவர் முதன்முறையாகச் சிரித்ததை நாம் கண்டோம்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி மாணவரை எச்சரிக்க வேண்டும். தமிழக இயற்பியல் நூல்களில் ‘வீச்சு’ என்பது அலையின் பெருமளவு. தமிழகக் கணித நூல்களிலோ கலப்பெண் சுட்டும் திசையின் கோணத்திற்கும் ‘வீச்சு’ என்றே பெயர்; அளவுக்கு ‘மட்டு’ என்பர். பழைய ஆங்கில நூல்களில் அளவுக்கும் கோணத்துக்கும் ஒரே சொல் வழங்கியதால் நேர்ந்த விளைவு இது. மின்னோட்டத்தைக் கலப்பெண்ணாக எழுதும் மாணவர்க்கு இரண்டும் ஒரே வரியில் வந்துவிடும். ஒரு வீச்சு நீளம், மறு வீச்சு கோணம்! கோணத்தைக் கோணம் என்றே சொல்வது நன்று என்பது நம் துணிபு.

‘கலப்பெண்’ என்றோம். தமிழகத்தார் கலப்பெண் என்பதை இலங்கையார் சிக்கலெண் என்பர். அணியும் தாயமும், வெக்டரும் காவியும், வகைக்கெழுவும் பெறுதியும் இவ்வாறே இருகரையும் நின்று ஒருபொருளைச் சுட்டும் இணைகள். மலேசிய மாணவர் இருகரை நூல்களையும் படிக்க நேர்வதால் இரண்டையும் அறிதல் வேண்டும். யாழ்ப்பாணத் தமிழ் மரபில் தோன்றிக் கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் பயின்ற கணிதப் பேராசிரியர் எலியேசர் 1959 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூர்வோம்; இந்நாட்டில் உயர்கணிதத்துக்கும் தமிழர்க்கும் உள்ள உறவு புதியதன்று.

இரு பெயருள் எது பொருந்தும்? ‘கொம்ப்ளெக்ஸ்’ என்பதன் இலத்தீன் வேர், சேர்த்துப் பின்னுதல் என்னும் பொருளது. காஸ் அச்சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தபோது இருவகை அலகால் ஆன கூட்டெண் என்பதே கருத்து. கடினமான எண் என்பதன்று. சிக்கு என்பதும் இழைகள் பிணைந்து கிடப்பதே ஆதலின் வேர்ப்பொருளில் ‘சிக்கலெண்’ அதற்கு அண்மையது. ஆனால் இன்று சிக்கல் என்றால் தொல்லை என்றே செவி கொள்கிறது. கலப்பு என்றால் பாலும் நீரும் போலப் பிரிக்கவியலாதது என்று தோன்றும்; கலப்பெண்ணின் இருபகுதிகளோ எப்போதும் தனித்தனியே எடுக்கத்தக்கவை. மேலும் தொடக்கப்பள்ளியில் கலப்புப் பின்னம் படித்த பிள்ளை இதனையும் அதனையும் ஒன்றாக மயங்கக்கூடும். பின்னலெண் எனலாமா எனின், பின்னம் வந்து இடைமறிக்கும்.

நமக்குத் தோன்றும் ஒப்புமை எழுத்திலக்கணத்தில் உள்ளது. ககர மெய்யும் ஆகார உயிரும் சேர்ந்து ‘கா’ என்னும் ஓரெழுத்தாகின்றன. எழுத்து ஒன்று, கூறு இரண்டு, எப்போது வேண்டினும் பிரித்துக் காட்டலாம். கலப்பெண்ணும் அவ்வாறே ஓருருவில் நிற்கும் இருகூறு. மெய்யெண் என்னும் பெயரில் மெய் ஏற்கெனவே இருப்பது ஒரு நற்பேறு. ஒப்புமை இவ்வளவோடு நிற்கும். உயிர்மெய்களைப் பெருக்குவார் இல்லை.

எண்ணைக் கடந்து சார்புக்கு வருவோம். கலப்பெண்ணை வாங்கிக் கலப்பெண்ணைத் தரும் சார்பு ஒரு புள்ளியில் வகைக்கெழு உடையது எனில், அப்புள்ளியை எத்திசையிலிருந்து அணுகினும் மாறுவீதம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். கோட்டில் அணுக வழி இரண்டே, தளத்தில் எண்ணிலடங்கா. இவ்வளவு கடுமையான நிபந்தனையை நிறைவேற்றும் சார்பு ஒழுக்கத்தில் மிகத் திண்ணியதாகிவிடுகிறது. கோஷி, ரீமன் இருவர் பெயரால் வழங்கும் இணைச் சமன்பாடுகள் இந்நிபந்தனையின் மறுவடிவமே. அவற்றின் பயனாகச் சார்பின் மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் தனித்தனியே லாப்லாஸ் சமன்பாட்டுக்கு உட்படும். அணையின் அடியில் கசியும் நீரும், தகட்டில் பரவிய வெப்பநிலையும், பாலத்தூணைச் சுற்றி ஓடும் சுழலற்ற நீரோட்டமும் அச்சமன்பாட்டுக்கே உட்படுவதால், கட்டுமானப் பொறியாளர்க்கும் இப்பாடம் வேண்டியதாகிறது.

இவற்றைப் ‘பகுமுறைச் சார்புகள்’ என்பர். பகுத்தல் என்னும் சொல் இங்குச் சற்றே எதிர்மறையாக அமைந்துவிட்டது. ஏனெனில் இச்சார்புகளைத் துண்டாக்கித் துண்டுக்கொரு விருப்பம்போல் மாற்ற இயலாது. ஒரு சிறு வில்லளவில் அதன் மதிப்புகள் தெரிந்தால், தொடர்ந்து விரியும் பரப்பு முழுவதிலும் அது என்னவாக இருக்கும் என்பது முடிவாகிவிடுகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பழமொழி வெந்தமையை மட்டும் சொல்லும். இங்கோ ஒரு பிடிச் சோற்றைக் கொண்டு பானையிலுள்ள ஒவ்வொரு பருக்கையின் இடத்தையும் சொல்லிவிடலாம்.

இப்பாடத்தில் நமக்கு மிகவும் பிடித்த சொல் ‘எச்சம்’. ஒரு மூடிய வழியே சுற்றிவந்து சார்பைத் தொகையிட்டால், உள்ளே குற்றமில்லாதவிடத்து விடை சுழி. உள்ளே சார்பு எல்லையின்றிப் பெருகும் புள்ளி இருப்பின், அப்புள்ளியைச் சுற்றிச் சார்பை விரித்தெழுதும்போது வரும் உறுப்புகளுள் தலைகீழ் முதற்படி ஒன்றே எஞ்சும். ஏனைய எல்லாம் சுற்றி முடிக்கையில் ஒன்றுமில்லாமல் போகும். எஞ்சிய உறுப்பின் கெழுவே எச்சம். பெயரெச்சம், வினையெச்சம் என்பவற்றில் எச்சம், முடிவை வேண்டி நிற்பது. திருக்குறளில் எச்சம், ஒருவர் வாழ்ந்து முடித்தபின் நிற்பது. கணிதத்தின் எச்சம் குறளின் எச்சத்தோடு சேர்ந்தது. சுற்று முடிந்தபின் எது நிற்கிறது என்பதே கேள்வி. (பறவைகள் இடுவதும் எச்சமே என்று வகுப்பில் ஒருவர் எப்போதும் சொல்வார், சொல்லட்டும்.) ஒன்றோடு ஓர் எண்ணின் வர்க்கத்தைக் கூட்டி, ஒன்றை அதனால் வகுத்து, இருபுறமும் முடிவிலி வரை தொகையிட்டால் விடை பை. நுண்கணித வழியிலும் இதனைப் பெறலாம். எச்ச வழியில், மேற்பாதித் தளத்தில் ஒரே ஒரு குற்றப்புள்ளி. அதன் எச்சத்தை ‘இரண்டு பை ஐ’ என்பதால் பெருக்கினால் முடிந்தது. நுண்கணிதம் கைவிடும் பல தொகைகளையும் இதே வழி தீர்த்துத் தரும்.

சிறப்புச் சார்புகள் பல. இரண்டைப் பற்றி மட்டும் இங்குச் சொல்வோம். ஒன்று முதல் நான்கு வரை பெருக்கினால் 24. இதனைக் காரணீயம் என்பர். ‘அரை’க்குக் காரணீயம் உண்டா? நம் மாணவர் நகைப்பர். ஆனால் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால் என மாத்திரை வகுத்த மரபினர்க்கு முழுமைகளின் இடைவெளியை நிரப்பும் ஆவல் புதியதன்று. ஆய்லர் 1729இல் இக்கேள்விக்கு விடை கண்டார். காமா சார்பு எனப்படும் அது தரும் விடையின்படி அரையின் காரணீயம் பையின் வர்க்கமூலத்தில் பாதி, ஏறத்தாழ 0.886. இச்சார்பு கலப்பெண் தளத்தில், சுழியும் குறை முழுவெண்களும் நீங்கலாக, எங்கும் விரிகிறது.

இவ்விரிவு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு நம் இராமானுஜனே சான்று. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த அவர் 1913 பிப்ரவரி 27ஆம் நாள் ஹார்டிக்கு எழுதிய மடலில், ஒன்று, இரண்டு, மூன்று என முடிவின்றிக் கூட்டும் தொடருக்குத் தம் கொள்கைப்படி மதிப்பு குறை பன்னிரண்டில் ஒன்று எனக் குறித்தார். பித்தர் கூற்றெனத் தோன்றும் இது, சீட்டா சார்பைக் கலப்பெண் தளத்தில் விரித்தால் குறை ஒன்றாம் புள்ளியில் பெறும் மதிப்பேயாகும். இராமானுஜன் வேறொரு வழியில் அதனை எட்டினார். கலப்பெண் சார்புகள் பற்றி அப்போது அவர்க்குத் தெளிவான அறிவில்லை என்றும், பகா எண்களின் பரவலைப் பற்றிய அவர் முடிவுகள் பிழைபட்டமைக்குச் சீட்டா சார்பின் கலப்பெண் சுழிகளை அவர் கருதாமையே காரணம் என்றும் ஹார்டி எழுதியுள்ளார். கும்பகோணத்தில் அவர் கைக்கு எட்டிய கார் என்பாரின் தொகுப்புநூலில் இத்துறை இல்லை. அறிவின் குறையன்று அது; நூல் எட்டாக் குறை. இருமுறை தவறிய நம் இளைஞரிடம் இதனை விரிவாகவே சொன்னோம்.

இரண்டாவது பெசல் சார்பு. வட்டமான தோலை இறுகக் கட்டி அடித்தால் அதன் அதிர்வு வடிவங்கள் பெசல் சார்புகளால் ஆனவை. நரம்பின் மேற்சுரங்கள் 1, 2, 3 என முழுவெண் விகிதத்தில் அமையும். வெறுந்தோலிலோ 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கற்றுப் போகும். அதனால்தான் சாதாரணப் பறை ஓசை தருமேயன்றிச் சுருதி தராது. மிருதங்கம் ஏன் சுருதி தருகிறது? வலந்தலையின் நடுவே இரும்புச்சத்துடைய கல்லின் பொடியையும் சோற்றையும் குழைத்து அடுக்கடுக்காகத் தேய்த்து இடும் கரும்பூச்சே காரணம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச. வெ. இராமன், 1920இல் ஒரு துணையாளருடன் சேர்ந்தும் 1934இல் தனியாகவும் இதனை ஆராய்ந்து எழுதினார். தோலின்மேல் நுண்மணலைத் தூவி அதிர்வின் அசையாக் கோடுகளைக் கண்டார். ஒன்பது அதிர்வு வகைகள் அப்பூச்சினால் ஐந்து முழுவெண் மேற்சுரங்களாகத் திரண்டு நிற்கின்றன என்பது அவர் முடிவு. பெசல் சார்பின் சுழிகளைப் பட்டியலிட்டறியாத கைவினைஞர், அச்சுழிகளைச் செவியால் இடம்பெயர்த்திருக்கின்றனர். நம் நாட்டுக் கோயில்களில் மிருதங்கம் வாசிக்கும் பொறியியல் மாணவர் சிலரை அறிவோம். அவர்களுள் ஒருவரேனும் தம் கருவியும் தம் பாடநூலின் பத்தாம் இயலும் ஒன்றையே பேசுகின்றன என்று அறிந்திருக்கவில்லை. எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கழிமுகத்தில் ஏறும் ஓதத்துக்கும் இதே சார்பு பயன்படும். ஆழம் ஒரே அளவாய், உட்புறம் செல்லச் செல்ல அகலம் சீராகக் குறைந்து ஒரு முனையில் முடியும் நீர்வழியில், ஓதத்தின் ஏற்றம் சுழி வரிசைப் பெசல் சார்பின்படி அமையும். தெப்ராவ் ஆற்றின் வாய் அவ்வளவு சீரானதன்று. ஆயினும் பொறியாளர் முதல் தோராயத்தை இவ்வாறே தொடங்குவர். ஓதத்தின் அதிர்வெண்ணை நீர்வழியின் நீளத்தால் பெருக்கி அலையின் வேகத்தால் வகுத்த அளவு, கோண அலகில், 2.405ஐ நெருங்கினால் உட்புறத்தில் நீர்மட்டம் கட்டுக்கடங்காமல் ஏறும். வெறுந்தோலின் முதற்சுரத்தை நிறுவும் எண்ணும் அதே 2.405. மாணவர் இதனை மனப்பாடம் செய்துகொள்ளலாம்; தேர்விலும் வரும்.